ஏழு மில்லுக்கு ஒரே கூண்டு

இரண்டாம் உலகப் போர் தொடங்க இன்னும் நாலைந்து வருஷம் இருந்த சமயம். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் மேஸ்திரியாக இருந்தேன். ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருந்த மில்களில் வேலை பார்த்த மேஸ்திரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். ராயபுரத்தில் ஒரு காபி கிளப்பின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். அந்தச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தவர்களில் அரைகுறையாகவாவது இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படியில் ஒரு வெள்ளைக்காரர் ஏறி வந்தார். சர்க்காரின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டோம். எங்கள் தலைவர் வாயில் இருந்த பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்துக்கொண்டிருந்தார். துரை சிரித்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"ஒரு மில்லுக்கு நான் வருஷத்தில் ஒரு நாள்தான் வர முடிகிறது. நீங்கள் எல்லா நாளும் அங்கே இருக்கிறீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் யாரும் கைகால் இழக்க வேண்டியதில்லை." இதுதான் அவர் பேச்சின் சாரம். ஏற்பாடும் அவரே சொன்னார். எந்த மில்லுக்கு என்றைக்கு வருவார் என்று ஒரு வாரம் முன்பே சங்கத்துக்குச் சொல்லிவிடுவார். அந்த வாரத்துக்குள் குறைகளைச் சரிசெய்துவிட வேண்டும். கேஸ் கிடையாது, அபராதம் கிடையாது. சங்கத்தின் ஆள் ஒருவர் கூடவே வந்து பார்த்து, ரிப்போர்ட்டில் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆளாக என்னையே போட்டார்கள். என் கையெழுத்துக்கு இப்படி ஒரு மதிப்பு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. எனக்கே இடது கையில் மோதிர விரலின் நுனி கிடையாது. மில்லில் பெல்ட்தான் எமன். ஒரே ஒரு என்ஜின் இருக்கும். கூரையை ஒட்டி நீளமாக ஒரு ஷாஃப்ட் சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கி வரும். பெல்ட் கீழே வந்து சக்கரத்தில் சுற்றும் இடத்தில் புடவைத் தலைப்போ வேட்டி நுனியோ பட்டால் போதும், ஆளையே இழுத்துவிடும். அந்த இடத்தைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, முதலில் மில்லுக்கு ஒரு பெல்ட்டுக்காவது, ஆட்கள் அதிகம் நடமாடும் இடத்தில் போட வேண்டும் என்பதுதான் துரை கேட்டது.

நான் மாதிரிக்காக ஒரு கூண்டு செய்தேன். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை எல்லாம் விட்டுச் செய்தது. ஆங்கிள் இரும்பில் சட்டம், நெருக்கமான கம்பி வலை, எந்த மிஷினுக்கும் நீட்டிக் குறுக்கிப் பொருத்த ஏழெட்டு போல்ட். பார்க்க அழகாகவே இருந்தது. இதைப் பார்த்து ஒவ்வொரு மேஸ்திரியும் தன் மில்லுக்கு அளவெடுத்துச் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் யோசனை.

முதல் இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த மில்லின் மேஸ்திரி என் பட்டறைக்கு ஓடி வந்தார். பழைய சிநேகிதர்.

"நைனா, மொதலாளி இரும்பு வாங்கவே மாட்டேன்றாரு. தொர வர்ற அன்னிக்கு கூண்டு இல்லன்னா என்னத்தான் வெளிய தள்ளுவாரு. ஒங்கிட்ட கீதே, அத ஒரே ஒரு நாளுக்கு குடேன்."

"அது மாதிரிக்குச் செஞ்சது."

"ஒரு நாள்தான், தோஸ்து. அப்பால அதப் பாத்து நானே செஞ்சிக்கிறேன்."

கொடுத்தேன். அவர் செய்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் இன்னொரு மேஸ்திரி வந்து அதே கதையைச் சொன்னார். முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது ஆளுக்கு எப்படி இல்லை என்பது? அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. துரை எங்கே வருகிறாரோ அங்கே கூண்டு அவருக்கு முன்னாலேயே கைவண்டியில் போய்ச் சேர்ந்துவிடும். அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு மில்லில் பச்சை, ஒரு மில்லில் சிவப்பு, ஒரு மில்லில் கறுப்பு என்று பெயின்ட் வேறு. ஏழு மில்லுக்கு ஒரே கூண்டு. சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்தேன்.

ஒரு மில்லில் துரை கூண்டைத் தொட்டபோது விரலெல்லாம் பச்சை ஒட்டிக்கொண்டது. அகப்பட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ கோபித்துக்கொள்ளவில்லை. "புது வேலை!" என்று கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இத்தனை வருஷம் தனியாகச் செய்ய முடியாததை உங்கள் சங்கம் சில மாதத்தில் செய்துவிட்டது என்றார். அன்றைக்காவது எனக்குச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது, ஆனால் தோளில் பட்ட அந்தக் கை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆறாவதாகத் திருவொற்றியூரில் ஒரு மணிலாக்கொட்டை மில். கடலை உடைக்கிற மிஷின்களுக்குப் பக்கத்தில் முப்பது நாற்பது பெண்கள் பருப்பு பொறுக்குவார்கள். ஷெட்டுக்குள் எப்போதும் தொலி பறந்துகொண்டிருக்கும். எதிரில் நிற்கிறவர் முகம் சரியாகத் தெரியாது. தரையில் சிந்துகிற பருப்பைக் கூட்டி அள்ளுவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், இரண்டு பெண் குழந்தைகள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது அவள் வாய்தான். நான் துரைக்குக் கூண்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது துடைப்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, புலி கிலி புட்சாந்து அடைக்கப் போறியா?"

துரை என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எப்படிக் கூட்டுகிறாள் என்று அவளிடம் விசாரித்தார். பெல்ட்டுக்குப் பயந்து அந்தப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். என்ஜின் ஓடும்போது அந்தப் பக்கமே போக மாட்டார்கள். மத்தியானம் என்ஜின் நின்ற பிறகுதான், சோற்றுக்குப் போகும் முன் அவள் அங்கே கூட்டுவாள். துரை அதைக் கேட்டுவிட்டு, இனி அப்படிப் பயப்பட வேண்டாம், கூண்டு இருக்கிறது என்று அவளிடம் சொல்லச் சொன்னார். மில் மானேஜருக்கும் ஏக சந்தோஷம். அடிக்கடி கூட்டினால் காலில் மிதிபடும் பருப்பு மிச்சம்.

நான் அவளிடம் சொன்னேன். "இனிமே எப்ப வேணா கூட்டலாம்மா. பின்னால கூண்டு இருக்கு. பயமே இல்ல."

சொல்லும்போதே எனக்குத் தெரியும், மறுநாள் ராயபுரத்தில் ஏழாவது மில் இன்ஸ்பெக்ஷன் என்று. சாயங்காலம் சங்கு ஊதிப் பெண்கள் வீட்டுக்குப் போனதும் நானே ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, கூண்டை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருப்பது இந்த இடத்தில்தான்.

மறுநாள் பத்து மணி சுமாருக்கு நாங்கள் ராயபுரம் மில்லில் இருந்தபோது ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். திருவொற்றியூரில் ஒரு பெண்ணைப் பெல்ட் இழுத்துவிட்டது என்றான். துரை என்னைப் பார்த்தார். "அங்கேதான் கூண்டு இருக்கிறதே?" என்று கேட்டார். அந்தக் கூண்டுக்கு அன்றைக்குச் சிவப்புப் பெயின்ட். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றது.

காலையில் வந்ததும் அவள் குனிந்து கூட்டத் தொடங்கியிருக்கிறாள். குனிந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து கூட்டுவது அவர்கள் வழக்கம். பின்னால் கூண்டு இருக்கிறது என்று நான் சொன்னதை நம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்ந்திருக்கிறாள். தலைப்பு சிக்கியது. கையை வைத்து இழுத்திருக்கிறாள், கையும் போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் வலது கையைத் தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று மாலை போய்ப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன், திட்டியிருந்தால் தேவலை.

"மேஸ்திரி, கூண்டு கீதுன்னு சொன்னியே, அது எங்க போச்சு?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "நான்தான் பருப்பு அள்ளணும்னு அத நவுத்திட்டேன்னு மானேஜரு சொல்றாராம். எங்க வூட்டுக்காரு கூட அப்டியான்னு கேக்கறாரு. நான் அதத் தொடவே இல்ல மேஸ்திரி. நீ சொல்லு அவங்ககிட்ட."

"சொல்றேம்மா" என்றேன்.

மானேஜர் கையில் ரிப்போர்ட் இருந்தது. கூண்டு உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தது என்று அதில் எழுதியிருந்தது. கீழே துரையின் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. முந்தின நாள் இருந்த கூண்டு மறுநாள் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்கு வைத்ததைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினால் நஷ்ட ஈடு கிடையாது என்பது சட்டம். ஆக, அவள்தான் எடுத்தாள் என்று முடித்துவிட்டார்கள். என் ஒரு கையெழுத்து அவள் மேல் பழியைப் போட்டுவிட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் சங்கம் கூடியது. யாரும் சிரிக்கவில்லை. முதன்முதலில் கூண்டை இரவல் வாங்கிப் போன சிநேகிதர்தான் பேசினார்.

"நீ வாயத் தொறந்தா ஏழு பேர் வூட்ல அடுப்பு எரியாது. தொரையும் நம்பள இனி கிட்ட சேக்க மாட்டாரு. கொஞ்சம் ஆறப் போடு நைனா. அந்தப் பொம்பள எழுந்து வரட்டும், அப்பால நாமளே எதுனா செய்யலாம்."

அவர் சொன்னது அத்தனையும் நியாயமாகத்தான் பட்டது எனக்கு. பயந்தவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் தள்ளினேன். ஆஸ்பத்திரி பக்கமும் போகவில்லை. அவள் மறுபடியும் கேட்பாளே என்ற பயம்.

ஐந்தாம் நாள் காலையில் காயம் சீழ் வைத்து அவள் இறந்துபோனாள் என்று செய்தி வந்தது.

அன்றைக்கே துரையின் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தெந்த மில், என்றைக்கு என்ன வர்ணம், எல்லாம். அவர் கத்தவில்லை. ஏழு ரிப்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக என் கையெழுத்தையும் தன் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். "நானும்தான் அவளிடம் சொல்லச் சொன்னேன்" என்றார் கடைசியில். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, இனி எந்த மில்லுக்கும் என்னோடு நீ வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு அவர் முன்னறிவிப்பு இல்லாமல் வரத் தொடங்கினார். கேஸும் போட்டார். ஏழு மில்லிலும் இரும்பு வாங்க வழி பிறந்துவிட்டது. ஒரே மாதத்தில் எல்லா பெல்ட்டுக்கும் கூண்டு வந்தது. ஏழு மேஸ்திரிகளில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. எங்கள் சங்கம் மட்டும் என்னை வெளியே அனுப்பியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பழி நீங்கிவிட்டது, அவள் எடுக்கவில்லை என்று அதிகாரிகளே எழுதிவிட்டார்கள் என்று சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெரிய பெண் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கூண்டைக் கழற்றியது நான்தான் என்பது வரை முழுக்கச் சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"நானும் அவள நம்பல மேஸ்திரி" என்றார். "ஏன் நவுத்துனன்னு கேட்டுகினே இருந்தேன். இல்ல இல்லன்னு சொல்லிகினேதான் செத்துப்போனா. அவ உசுரோட இருக்க சொல்லோ நீ வந்து இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று மில்களில் எங்கே பார்த்தாலும் பெல்ட்டுக்குக் கூண்டு இருக்கிறது. பார்க்கிறவர்கள் நல்ல ஏற்பாடு என்கிறார்கள், நானும் ஆமாம் என்கிறேன். நான் சொன்ன உண்மை அதிகாரிகளுக்கும் மில்காரர்களுக்கும் எத்தனையோ தொழிலாளிகளுக்கும் பயன்பட்டது. ஆனால் அதைக் கேட்பதற்காக நாலு நாள் படுக்கையில் காத்திருந்த ஒருத்திக்கு மட்டும் அதை நான் சொல்லவே இல்லை.