சர்ச் தெருவில் ஜாதகம் கேட்டவர்கள்

1. மாடசாமி சொன்ன செய்தி

“அண்ணாச்சி, நம்ம கிரேஸ் டீச்சரைக் கேட்டு வந்த பார்ட்டி, ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிட்டாங்க” என்றார் டீக்கடை மாடசாமி.

நான் கிளாசைக் கீழே வைத்தேன். சங்கரன்கோவிலில் சர்ச் தெருவில் டீக்கடைக்கு நேர் எதிரே நீல கேட் போட்ட வீடு கிரேஸுடையது. தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். அந்த வீட்டில் யாருக்கும் ஜாதகம் எழுதியதே கிடையாது.

“யாரு வே வந்தது?”

“ரெண்டு பேரு. ஒரு பெரியவரு ஜிப்பா போட்டிருந்தாரு. கூட ஒரு தாடிக்காரத் தம்பி. அந்த வீட்டுப் பொண்ணு எப்படின்னு கேட்டாவ. தங்கமான பொண்ணு, மேனிலைப் பள்ளியில பிசிக்ஸ் எடுக்குன்னு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன். இன்னைக்குத் தாடித் தம்பி மட்டும் வந்தாரு. என்னாச்சு தம்பின்னு கேட்டா, ஜாதகம் பொருந்தலங்காரு. சிரிக்கவா அழவா? பொண்ணுகிட்ட ஏதோ குறை இருக்கு, அதைச் சொல்ல வாய் வராம எதையோ உளறிட்டுப் போறானுவன்னு தெருவே பேசுது.”

“பக்கத்துல வேன் எதுவும் நின்னுச்சா?”

“நின்னுச்சு. கண்ணாடியில கறுப்பு பேப்பர் ஒட்டி.”

வேனுக்குள் இருந்தது கேமரா. ஜிப்பாக்காரர் நடிகர். தாடிக்காரர் உதவி இயக்குநர் வருண். இருவரும் என் மாணவர்கள் என்று சொல்லலாம். சொல்லாமல் இருப்பது எனக்கு நல்லது.

2. ஒற்றர்களுக்கு வகுப்பு

நான் காவல் துறையில் தனிப்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மஃப்டியில் போய், யார் எங்கே கூடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பார்த்து மேலே குறிப்பு அனுப்புவது வேலை. ரகசியமான வேலை என்றுதான் உத்தரவு. நடைமுறையில், கூட்டம் போடும் கட்சிக்காரர்கள் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுவைப்பார்கள். “சிஐடி அண்ணாச்சி வந்தாச்சு, ஆரம்பிங்க” என்று மைக்கிலேயே சொன்னதும் உண்டு. பேச்சாளர் சொன்னதில் ஏதாவது விட்டுப்போனால் அவரே கூட்டம் முடிந்ததும் வந்து திருத்திக் கொடுப்பார்.

இந்த அனுபவத்தை நம்பித்தான் ஒரு டிவி ஒற்றர் தொடரின் இயக்குநர் கார்த்திக் என்னை ஆலோசகராக அழைத்தார். முதல் சீசன் முழுவதும் வெளிநாட்டில் எடுத்தது. பார்த்தேன். அதில் வரும் ஒற்றர்கள் மொட்டை மாடி விட்டு மொட்டை மாடி தாவுகிறார்கள், சட்டைக் கையில் பேசுகிறார்கள். ஒருவர்கூட ஒதுங்க இடம் தேடவில்லை. வெயிலில் நிழல் தேடவில்லை. முக்கியமாக, யாரும் அவர்களைப் பார்த்து “எந்த ஊரு?” என்று கேட்கவில்லை. அப்படிப்பட்ட தெருவில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை.

இரண்டாம் சீசனில் அந்த ஒற்றர் குழு ஒரு தென்தமிழ்நாட்டுச் சிற்றூருக்கு வந்து ஒரு வீட்டை மாதக்கணக்கில் கண்காணிக்கிறது. அதற்கு எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

“சார், வாட்ச் பண்றவனுக்கு என்ன கவர் குடுக்கலாம்? பிச்சைக்காரன் ஓகேவா?” என்று முதல் நாள் கார்த்திக் கேட்டார்.

“வேண்டாம். புதுசா ஒருத்தர் வந்து உக்காந்தா பழைய ஆளுங்களே எழுப்பி விட்டுருவாங்க.”

“ஐஸ் வண்டி?”

“ஐஸ் விக்கணுமே. வித்துட்டா கிளம்பணும். விக்கலன்னா ஏன் விக்கலன்னு கேப்பாங்க.”

“அப்ப நீங்க என்னதான் பண்ணுவீங்க?”

“பொண்ணு கேட்டு வந்திருக்கேன்னு சொல்லுவேன்.”

இது என் கண்டுபிடிப்பு இல்லை. என் மேலதிகாரி கற்றுக்கொடுத்தது. நம் ஊரில் அறிமுகமில்லாத ஒருவன் ஒரு வீட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால், அது கல்யாண விசாரணையில்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள்.

ஆனால் இதற்கு முறை உண்டு. முதலாவது, இல்லாத பெண்ணைத்தான் கேட்க வேண்டும். “இந்தத் தெருவுல மின்வாரியத்துல வேலை பார்க்கிற சுப்பையா மகள் வீடு எது?” என்று கேட்டால், “அப்படி யாரும் இங்கன இல்லையே” என்று ஆரம்பித்து, அந்தத் தெருவில் இருக்கும் எல்லா வீட்டையும் அவர்களே விவரிப்பார்கள். தப்பாகச் சொன்னவனைத் திருத்துவதில் நம் மக்களுக்கு அப்படி ஓர் ஆர்வம். நமக்கு வேண்டிய வீடும் அதில் வந்துவிடும். பெண் இருக்கும் வீட்டை மட்டும் ஒருபோதும் கேட்கக் கூடாது. இரண்டாவது, ஆரம்பித்த விசாரணையை அந்தரத்தில் விடக் கூடாது. யாருக்கும் புண்படாத காரணம் சொல்லி முடிக்க வேண்டும். ஜாதகம் பொருந்தவில்லை என்பது நல்ல காரணம். யார் வீட்டில் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் குழுவை உட்காரவைத்துச் சொன்னேன். ஜாதகம் என்ற சொல் மட்டும் வருண் காதில் விழுந்திருக்கிறது. மற்ற நேரம் அவர் போனில் இருந்தார்.

3. நீல கேட்

லாட்ஜில் போய் வருணைப் பிடித்தேன்.

“ஏன் அந்த வீட்டைக் கேட்டீங்க?”

“அந்த ப்ளூ கேட் ஃப்ரேம்ல செமையா இருந்துச்சு சார். டீக்கடைக்காரர் எவ்வளவு இயல்பா பேசினார் தெரியுமா? எந்த நடிகராலயும் அப்படிப் பேச முடியாது.”

“அவரு நடிக்கல. ஒரு பொண்ணுக்கு நல்லது நடக்கும்னு நம்பிப் பேசினாரு. வாங்க, போவோம்.”

கிரேஸின் அப்பா சாமுவேல் ஓவிய ஆசிரியராக இருந்தவர். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் முற்றிவிட்டது தெரிந்தது. சிவகிரியில் ஒரு மாப்பிள்ளை. கூட்டுறவு வங்கியில் வேலை. பெண் பார்க்க வரும் ஞாயிறு நாள் குறித்திருந்தார்கள். அன்று மதியம் மாப்பிள்ளையின் தாய்மாமா போன் செய்திருக்கிறார்.

“கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லுதாரு” என்றார் சாமுவேல்.

கொஞ்ச நாள் போகட்டும் என்றால் என்ன பொருள் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சர்ச் தெருவில் காலையில் பேசியது மதியத்துக்குள் சிவகிரி பஸ் ஏறிப் போய்விட்டது.

வருண் நடந்ததைச் சொன்னார். கிரேஸ் நின்றுகொண்டே கேட்டாள்.

“நீங்க என்னைப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“பார்க்காமலே வேண்டாம்னு சொல்லிட்டீங்க. பார்த்துட்டுச் சொல்லியிருந்தாலாவது ஒரு மரியாதையா இருந்திருக்கும்.”

சாமுவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. வருண் கார் எடுத்துக்கொண்டு இப்போதே சிவகிரி போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். நான் தடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் போய், நான் பொய்யாகப் பெண் கேட்டேன், பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால், பெண் வீட்டார் ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் குறிப்பு எழுதியிருப்பேன்.

“தெருவுல ஆரம்பிச்சது தெருவுலதான் முடியணும்” என்றாள் கிரேஸ். “வேனை விட்டு வெளியே வாங்க. லைட்டு, குடை, எல்லாத்தையும் இறக்குங்க. அதே டீக்கடையில, அதே பெரியவரை வச்சு, அதையே திரும்ப எடுங்க. இது சூட்டிங்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

போட்ட வேஷத்தை நாமே கலைப்பது எங்கள் தொழிலில் வேறு வழியே இல்லாதபோது செய்வது. அந்த முடிவுக்கு வரப் பல அதிகாரிகளுக்குப் பல கூட்டங்கள் தேவைப்படும். இந்தப் பெண்ணுக்கு ஒரு டீ ஆறும் நேரம் போதுமாக இருந்தது.

4. அனுமதி இருந்த இடமும் இல்லாத இடமும்

கார்த்திக் ஒப்புக்கொள்ளவில்லை.

“சார், அந்த சீன்தான் சீசனோட உயிர். இப்ப ஊரைக் கூட்டி எடுத்தா, எவனாவது போன்ல எடுத்து நெட்ல போட்டுருவான். கதையே வெளியே போயிரும். அந்த ஃபேமிலிக்கு ஏதாவது குடுத்து...”

“தம்பி, வாக்கியத்தை முடிக்காதீங்க” என்றேன். “நான் சொல்லுறதை மட்டும் கேளுங்க. நகராட்சியில நீங்க வாங்கின அனுமதி பூ மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும். சர்ச் தெரு அதுல இல்ல. மாடசாமியை அவருக்குத் தெரியாம எடுத்திருக்கீங்க. அவர் சம்மதம் எழுதித் தரலன்னா அந்த சீன் உங்களுக்கு உதவாது. அவர் தர மாட்டார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நான் தரச் சொல்ல மாட்டேன்.”

அவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். நடைமுறை தெரிந்த ஆளை ஆலோசகராக வைப்பதில் இருக்கும் ஆபத்து அப்போது அவருக்குப் புரிந்திருக்கும்.

“சனிக்கிழமை காலையில வச்சுக்கலாம் சார்” என்றார்.

5. இரண்டாவது டேக்

சர்ச் தெருவுக்கும் அனுமதி வாங்கினோம். சனிக்கிழமை ஊரே அங்கே இருந்தது. மாடசாமி தலைக்கு எண்ணெய் தேய்த்து, விபூதி பூசி, புதுச் சட்டையில் வந்தார். முதல் தடவை வாய் ஓயாமல் பேசிய மனிதர், கேமராவைப் பார்த்ததும் பள்ளி விழாவில் பேச்சு ஒப்பிக்கும் பிள்ளையாகிவிட்டார்.

“அந்தப் பெண் மிகவும் தங்கமான பெண்” என்றார்.

“ஏலே மாடா, எந்த ஊர்த் தமிழ்ல பேசுதே?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, கட் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிப் பல கட்.

கடைசியில் விசாரணையை முடிக்கும் காட்சி. வருணே நடித்தார். “என்னாச்சு தம்பி?” என்று மாடசாமி கேட்டார். “ஜாதகம் பொருந்தலைங்க” என்றார் வருண்.

தெரு வெடித்துச் சிரித்தது. “அவங்க வீட்ல ஜாதகம் எங்கவே இருக்கு? பைபிள்ல நடுப்பக்கத்துலயா?” என்று ஒரு குரல். கேட்டுக்குள் நின்ற சாமுவேல் முதல்முறையாகச் சிரித்தார். கிரேஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் காட்சியைப் பார்க்கவில்லை. பழக்கம் விடாது, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் எல்லாக் கண்ணும் கேமராவின் மேல் இருக்கும். ஒருவர் மட்டும் கேமராவைப் பார்க்காமல் நீல கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் துணிப்பை. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“சிவகிரி.”

“என்ன செய்யுதீங்க?”

“மெடிக்கல் வச்சிருக்கேன்.”

“இங்க என்ன சோலியா?”

“மருந்து வாங்க வந்தேன்.”

மெடிக்கல் கடைக்காரர் சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து மருந்துக்கடையே இல்லாத தெருவில் மருந்து தேடுகிறார். முதல் சீசன் ஒற்றர்களைவிட மோசமான கவர். அவருக்கும் அது புரிந்துவிட்டது.

“மாப்பிள்ளைக்குத் தாய்மாமா நான்தான்” என்றார். “அப்போ அன்னைக்கு வந்ததும் சூட்டிங்கா?”

“கண்ணால பாத்துட்டீங்கள்ல. நான் ஒண்ணும் சொல்லல.”

“பெரிய தப்புப் பண்ணப் பார்த்தேனே” என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். நேரே கேட்டைத் திறந்துகொண்டு போய் சாமுவேலின் கையைப் பிடித்தார். சொன்னபடி நாளைக்கே வருகிறோம் என்றார். சாமுவேலின் கண்கள் கலங்கிவிட்டன.

6. கிரேஸ் கொடுத்த வேலை

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கிரேஸ் நினைக்கவில்லை.

“நாளைக்கு வேண்டாம் மாமா. ஒரு வாரம் போகட்டும்” என்று அவரிடம் பணிவாகச் சொன்னாள். அவர் போனபின் என்னிடம் வந்தாள்.

“சார், தெரு பேசுச்சு. அவங்க மாமா பேசினாரு. கட்டிக்கப்போறவரு ஒரு வார்த்தை பேசல. அவரும் அதை நம்பினாரா? எனக்கு அது தெரியணும். நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க.”

“எப்படி விசாரிக்க?”

“உங்க தொழில். நீங்கதான் சொல்லணும்.”

திங்கட்கிழமை சிவகிரி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். வங்கிக்கு எதிரே டீக்கடை இருக்கும். இல்லாத ஓர் ஊழியரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லா ஊழியரையும் பற்றிச் சொல்வார்கள். பையன் குடிப்பானா, கடன் உண்டா, யாரோடு பழக்கம், எல்லாம் கிடைக்கும். கிரேஸ் கேட்டது மட்டும் கிடைக்காது. அது எந்த டீக்கடைக்கும் தெரியாது.

வங்கிக்குள் போய், நான் இன்னார், சர்ச் தெரு கிரேஸ் அனுப்பி வந்திருக்கிறேன் என்றேன். என் பணிக்காலம் முழுவதும் நான் செய்யாத காரியம். பையன் எழுந்து நின்றுவிட்டான்.

“தம்பி, நீங்க அதை நம்பினீங்களா?”

“ஜாதகம்னு கேட்டதுமே ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சுட்டு சார். மாமாகிட்ட சண்டை போட்டேன். அதனாலதான் அவரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்ததே.”

“அவங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“நம்பர் மாமாகிட்டதான் இருக்கு. கேட்டேன், முறை இல்லைன்னுட்டாரு. பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்னா அவங்களுக்குத்தானே சார் கெட்ட பேரு? ஏற்கெனவே தெரு பேசிட்டிருக்கு.”

வெளியே வந்து கிரேஸுக்குப் போன் செய்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறுமுனையில் வகுப்பறை இரைச்சல் கேட்டது.

“உன் நம்பரைக் குடுக்கவாம்மா?”

“குடுங்க சார்.”

உள்ளே போய்க் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மறைந்து நின்று கேட்டால், ஊர் ஒரு மனிதனைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது கிடைக்கும். அதற்கும் உபயோகம் உண்டு. அதை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். அந்த மனிதன் என்ன நினைக்கிறான் என்பது வேண்டுமென்றால், பெயரைச் சொல்லி எதிரே நின்று கேட்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சிவகிரி வேன் ஒன்று நீல கேட் முன்னால் நின்றது என்று மாடசாமி சொன்னார். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் இருவரும் போனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.