பச்சை விளக்கும் தொங்கோட்டமும்

என் வீட்டுக்காரருக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைத் துரத்திப் பிடித்தே பாதி ஆயுசைக் கழித்தவர். கும்மிடிப்பூண்டி பஜாரிலும் அதே ஓட்டம்தான். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் மூச்சு வாங்க வருவேன், திரும்பியே பார்க்கமாட்டார். ஒருநாள் மின்சார ரயிலில் அவர் ஏறிப் போய்விட்டார், நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். பொன்னேரியில் இறங்கும்போதுதான் என் நினைவு வந்ததாம். அன்றைக்கு நான் திட்டிய திட்டு தெருவுக்கே தெரியும்.

மக்காவுக்கு உம்ரா பயணம் போகப் பெயர் கொடுத்ததும் எனக்கு ஒரே பயம் அதுதான். அவ்வளவு கூட்டத்தில் இந்த மனுஷன் என்னைத் தொலைத்துவிடுவார். போதாததற்குப் பள்ளிவாசல் வகுப்பில் ஹஜ்ரத், "இஹ்ராம்ல இருக்கும்போது சண்டை, ஏச்சுப்பேச்சு கூடாது" என்று சொல்லிவிட்டார். இவர் ஆண்கள் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வாய்க்குப் பூட்டு விழுந்த சந்தோஷம்!

மக்காவில் இஹ்ராமுக்கான தைக்காத இரண்டு வெள்ளைத் துணியோடு, கஅபாவைச் சுற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். இரண்டு பேருமே அழுதோம். வம்பு தொங்கோட்டத்தில் வந்தது. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஹாஜரா அம்மையார் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே ஓடியதை நினைத்து நாமும் ஏழு தடவை போகவேண்டும். நடுவில் பச்சை விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள் ஓடவேண்டும், பெண்கள் நடந்தால் போதும். ஓடச் சொன்னால் இவருக்குக் கேட்கவா வேண்டும்? கம்பெனி பஸ்ஸைக் கண்டவர் மாதிரி பறந்துவிட்டார்.

எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி. இதில் எது என் ஆள்? நாக்கு நுனிவரை வந்த ஏச்சை விழுங்கிவிட்டு அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டே நடந்தேன். விளக்கு முடியும் இடத்தில், இடித்துக்கொண்டு போகிற கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உன்ன காணோம்மே. பேஜாராயிடுச்சு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தடவை பச்சை விளக்கு வந்தும் ஓடவில்லை.

"ஆம்பளைங்க ஓடணுமே, போங்க" என்றேன்.

"அந்த ஹாஜராம்மா தனியா இருந்தாங்க, ஓடுனாங்க. நீ இன்னா தனியாவா வந்துகிற?"

எல்லாம் முடிந்து மொட்டை போட்டுக்கொண்டு அறைக்கு வந்தார். பெண்களுக்கு உள்ள முறைப்படி என் சடை நுனியில் விரல் நுனியளவு கத்தரித்தார். "இஹ்ராம் முடிஞ்சிச்சு. இப்ப திட்டிக்கோ" என்று தலையைக் குனிந்து நின்றார். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ, ஒன்றுகூட வாயில் வரவில்லை. அந்த மொட்டைத் தலையைத் தடவிவிட்டுச் சிரித்தேன்.

ஊருக்கு வந்ததும் கம்பெனி பஸ் டிரைவர், "இன்னா பாய், பெரியபாளையத்தம்மன் கோயில்லயா மொட்ட?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பஜாரில் இப்போதும் முன்னால்தான் போகிறார். அந்தக் கால் லேசில் திருந்துமா? ஆனால் பழக்கடை முனை வந்ததும் நின்று, திரும்பி, இரண்டு கையையும் தூக்குகிறார்.