சூரியனை ரிஜெக்ட் செய்த அக்கா

விண்வெளி வானிலை என்று ஒரு படிப்பு இருப்பதையே அப்பா நம்பவில்லை. "வானிலைன்னா மழை வருமா வராதான்னு சொல்றதுதானே கண்ணு?" என்றார். சூரியனிலிருந்து வீசும் காற்று செயற்கைக்கோளையே கெடுத்துவிடும் என்று விளக்கியதும் சந்தேகம் இன்னும் கூடியது. பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து அதைப் படிக்கும் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட் ஆபீசில் உட்கார வேண்டும். எனக்கு யூனிட் பிடிக்கும். உட்காரத்தான் பிடிக்காது.

நேர்காணல் வீடியோ காலில். அன்று பார்த்து வீட்டில் நெட் போய்விட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யூனிட்டுக்கு ஓடி, துணி செக்கிங் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் மெஷின்கள் கடகடவென்று ஓடின. மானமே போகிறது என்று நினைத்தேன்.

பேராசிரியர்கள் திரையில் சூரியனின் படத்தைக் காட்டினார்கள். பொன்மஞ்சள் வட்டம், நடுவே கறுப்புத் திட்டு. என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், துணியில் ஓட்டை தேடும் செக்கிங் அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஐயோ, எத்தா பெரிய ஹோலு! ரிஜெக்ட் பண்ணிடுங்க கண்ணு!" என்று கத்தினார்.

ஹோலும் ரிஜெக்டும் அவர்களுக்கும் புரிந்துவிட்டன. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தத் திட்டுக்கு அறிவியலில் பெயரே கொரோனல் ஹோல்தான். "அவர் சொன்னது சரி. இந்த ஓட்டையிலிருந்து வரும் காற்று மறுபடி எப்போது பூமியைத் தாக்கும்?" என்றார் ஒருவர்.

படித்ததெல்லாம் மறந்துவிட்டது. கண்ணெதிரே வட்ட மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஊசி பழுதானால் சுற்றுக்குச் சுற்று அதே வரிசையில் ஓட்டை விழும் என்றேன். சூரியனும் சுற்றுகிறது, ஓட்டை மூடாமல் இருந்தால் ஏறக்குறைய நான்கு வாரத்தில் திரும்ப நம் பக்கம் வரும் என்றேன். மெஷினைக் காட்டச் சொன்னார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யூனிட் முழுக்கச் சுற்றிக் காட்டினேன்.

மறுவாரம் மெயில் வந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது! குதித்துக்கொண்டு போய் முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். அன்று அவர் ரிஜெக்ட் பண்ணச் சொன்னது சூரியனை என்பதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அது சூரியனுங்களா கண்ணு? நான் மஞ்சத் துணின்னு நெனச்சனே!"

வாசலுக்கு ஓடினார். வெயிலை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல், போட்டுக்கொண்டேன்.