தர்மகர்த்தா கும்பிட்ட நாள்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லியில் நான் சரித்திர வாத்தியார். எங்கள் கோயில் தர்மகர்த்தா ஒரு மிராசுதாரின் இளைய மகன். நிலமெல்லாம் அண்ணனுக்குப் போக, தம்பிக்குக் கோயிலைக் கொடுத்திருந்தார்கள். பட்டு ஜிப்பா, வாய் நிறைய வெற்றிலை. பரிவட்டம் கட்டும்போது மட்டும் தலை குனிவார். தீபாராதனையின்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் கைகூப்பி நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் மண்டபத்தில் வைத்துக் குத்தலாகவே சொன்னேன்.

"முன்னொரு காலத்துல டென்மார்க் ராஜா ஒருத்தனும் இப்படித்தாங்க. பட்டம் மூத்தவனுக்குன்னுட்டு, பக்தியே இல்லாத இளையவனை பிஷப் நாற்காலியில உக்கார வச்சான். கிறிஸ்தவங்களுக்குள்ளயே மதச் சண்டை மூண்டு, எதிரிப் பட்டாளம் அவனைத் துரத்திடுச்சு."

அவருக்கு உறைக்கவில்லை. மென்றுகொண்டே கேட்டார்.

"அண்ணங்காரன் இன்னா ஆனான், வாத்தியாரே?"

"அப்பனுக்கு முன்னாடியே செத்துட்டான். அப்புறம் தம்பிதான் ராஜா."

மெல்லுவது நின்றது. எழுந்து வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். சந்நிதிக்கு நேராக நின்று, கண்களை இறுக மூடி, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். வெகுநேரம் கையை இறக்கவில்லை.

அவர் அண்ணனை எனக்குப் பழக்கமில்லை. பழக்கம் இருந்திருந்தால், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.