அப்பா தட்டின ரொட்டி

போன வருசம் தை மாதம். டிக்கோயா பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து லயம், குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக வரிசை வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படியில் இருந்தவர்களைச் சொல்கிறேன். எங்க வீட்டுக்காரர். மூத்த மகள், பதினோரு வயசு. சின்ன மகன், அஞ்சு வயசு. சீனி கேட்டு வந்த பக்கத்துக் காம்பரா அக்கா. அப்புறம் நான். முதல் நாள் சாயந்தரம்தான் குவைத்தில் இருந்து வந்திருந்தேன்.

கூரைக்குத் தகரம் போடக் காசு சேர்க்கத்தான் போனேன். போகும்போது சின்னவன் இடுப்பில் இருந்தான். அங்கே ஒரு வீட்டில் சமைக்கிற வேலை. அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு ஊட்டுறதும் நான்தான். போன், வெள்ளிக்கிழமை மட்டும் கையில் கிடைக்கும்.

வந்த அன்றே பார்த்தேன். சின்னவன் என்கிட்ட வரவில்லை. தண்ணி வேண்டும் என்றால் மூத்தவளிடம் கேட்டான். என்னிடம் சொல்ல வேண்டியதை அப்பா காதில் சொன்னான்.

ரொட்டி தட்டிக் கொடுத்தால் வந்துவிடுவான் என்று நினைத்தேன். நான் கொழுந்து எடுத்த காலத்தில் என் ரொட்டிக்கு மலையில் பேர் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பிய்த்துக்கொள்ள நாலு பேர் வருவார்கள்.

காலையில் எங்க வீட்டுக்காரர் மாவுச் சட்டியை எடுத்தார்.

"தள்ளுங்க. நான்தான் வந்துட்டேன்ல."

தள்ளிக்கொண்டார். மாவு, தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு. பிசைந்து தட்டிப் போட்டேன். சம்பலும் இடித்தேன்.

சின்னவன் ஒரு கடி கடித்தான். தட்டில் வைத்துவிட்டான்.

"இது ரொட்டி இல்ல. எனக்கு அப்பா ரொட்டி வேணும்."

மூத்தவள் அவன் தொடையில் கிள்ளினாள். "தின்னுடா. அம்மா சுட்டது."

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "அரபிக்காரங்களுக்கு ஆக்கிப் போட்டு ஒன் கை மாறிப் போச்சு தங்கச்சி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

அவன் வைத்ததை எடுத்து நானே தின்றேன். கை மாறவில்லை. அதே ரொட்டிதான்.

எனக்கு விளங்கவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு ரொட்டி தட்டச் சொல்லிக் கொடுத்ததே நான். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற கை அது. நான் போகும்வரை தேத்தண்ணி கூட ஊத்தத் தெரியாது. வெள்ளிக்கிழமை போனில் சொல்வேன். "ரெண்டு கை மாவு அள்ளுங்க. உப்பு மூணு வெரல்ல எடுங்க." "இரு புள்ள, ஒட்டுது" என்பார். அதற்குள் அந்த வீட்டு மேடம் கூப்பிடுவாள். வைத்துவிடுவேன். மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டார்.

சாயந்தரம் அவரைக் கூப்பிட்டேன்.

"நீங்க தட்டுங்க. நான் பாக்குறேன்."

"என்னத்தப் பாக்க? நீ சொன்னதத்தானே செய்றேன்."

"இல்ல. வேற என்னமோ செய்றீங்க."

மாவு அள்ளினார். கேத்தலை எடுத்துச் சுடு தண்ணி ஊற்றினார். அகப்பைக் காம்பால் கிண்டி, சூடு தணிந்ததும் பிசைந்தார்.

"சுடு தண்ணியா? நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. விடியக்காலையில பச்சத் தண்ணி பட்டா கை எரியுது."

உள்ளங்கையைக் காட்டினார். பனியில் வெடித்த வெடிப்பு, தேயிலைக் கறை ஏறிக் கோடு கோடாக இருந்தது.

"போன்ல ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவ."

அவர் சுட்டுப் போட்டதைப் பிய்த்துத் தின்று பார்த்தேன்.

அவர் ரொட்டி மெத்தென்று இருந்தது. ஆறினாலும் இறுகவில்லை. சின்னவன் நினைவு தெரிந்ததில் இருந்து தின்றது அதைத்தான். என்னுடையது அவனுக்குக் கல்லு.

மறுநாள் சுடு தண்ணி ஊற்றி நான் பிசைந்தேன். களி மாதிரி ஆனது. அவர் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் மாவு போடு. ஒன் கை சின்னது" என்றார். அடுத்த நாள் அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். "ஆற விடு புள்ள. அவசரப்படுத்த இங்க ஒன் மேடம் இல்ல" என்றார். ஒரு வாரம் அப்படிப் போனது.

ஒரு நாள் காலை அவர் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டார். சின்னவன் ரொட்டியைக் கடித்துவிட்டு மூத்தவளைப் பார்த்தான். "அப்பா தட்டுனதா?"

அவள் ஆமா என்று சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லடா. அம்மா தட்டுனது. அப்பா சொல்லிக் குடுத்தாரு."

கொஞ்ச நேரம் மென்றான். தட்டை என் பக்கம் நீட்டினான்.

"இன்னொன்னு தாங்கம்மா."

திரும்பி வந்த பிறகு, போன் இல்லாமல் அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல்.

லயத்தில் மற்றவர்கள் எல்லாம் பச்சைத் தண்ணியில்தான் பிசைகிறார்கள். எங்க வீட்டில் சுடு தண்ணி. மகளும் அப்படித்தான் பழகிவிட்டாள். நான் மாற்றவில்லை. கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டால், வெடித்த கையோடு அவர் தனியாக மாவு பிசைந்த காலைகள் நினைப்பு வரும். அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. போன காலைகளை இனிப் பார்க்கவும் முடியாது.

நான் குவைத்தில் இருந்த மூணு வருசத்துக் காலைகள் அவை.