கறுப்பு வெள்ளையில் ஒரு கச்சேரி

கிருமாம்பாக்கத்தில் சவுண்ட் செட் வைத்துப் பிழைக்கிறவன் நான், ரபீக். கச்சேரி நடத்துகிறவர்கள் பொதுவாக என்னிடம் கத்துவார்கள். இளவரசி மட்டும்தான் யோசனை கேட்பாள். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வாள்.

இந்த ஊர்ப் பெண். சென்னையில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பத்து வருஷம் மார்க்கெட்டிங் பார்த்தவள். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து, உள்ளூர்ப் பாட்டுக்காரர்களுக்கு மேடை போட்டுத் தரப்போகிறேன் என்றாள்.

"எண்ணெ வித்தாச்சு அண்ணே. இனிமே பாட்டு விக்கிறேன்."

அவள் புருஷன் அரிகரன் சண்டை போடவில்லை. ஒரே நிபந்தனைதான் வைத்தான். முதல் கச்சேரிக்கு மண்டபம் நிறைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழைய வேலை. அந்தக் கம்பெனி மேனேஜரும் அவள் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

முதல் ஆள் பக்கத்து ஊர் ஏம்பலத்துப் புகழ்வேந்தன். வயரிங் வேலை செய்பவன், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான். சேற்றில் மாட்டிய டிராக்டர், நிற்காமல் போன பஸ், மாமியார் வைத்த மீன்குழம்பு, எல்லாமே அவனுக்குப் பாட்டு.

எங்கள் ஊர் பேனரில் இருபது முகமாவது இருக்கும், கண்ணைப் பறிக்கிற நிறமெல்லாம் இருக்கும். இளவரசிக்கு அது ஆகாது. அவள் போட்டது புகழ்வேந்தன் முகம் மட்டும், கறுப்பு வெள்ளையில், லேசாகச் சிரித்தபடி. கீழே அவன் பெயர், சனிக்கிழமை மாலை ஆறு மணி, மண்டபத்தின் பெயர். வேறு ஒரு எழுத்து கிடையாது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நான் ஒரு கல்யாண வேலைக்குக் கடலூர் போயிருந்தேன். சனிக்கிழமை திரும்பும்போது வேனிலிருந்து அந்த பேனரைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். எங்கள் பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒருவன் தனியாகச் சிரித்தால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். மண்டபமும் நேரமும் போட்டிருந்தால் படத்திறப்பு.

ஐந்து மணிக்கே ஜனம் வர ஆரம்பித்தது, கையில் மாலைகளோடு. பேனர் ஏறியதே முந்தின இரவுதான்; ஒத்திகைக்காகப் புகழ்வேந்தன் அப்போதிருந்தே போனை அணைத்துவிட்டு மண்டபத்திலேயே கிடந்தான், அதனால் யாருக்கும் விசாரிக்க வழியில்லை. பண்டசோழநல்லூரிலிருந்து அவன் அத்தை காசம்மாள் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார். சத்தம் கேட்டு அவன் டீ டம்ளரோடு வெளியே வந்தான்.

"யாருக்கு இன்னா ஆச்சு அத்த?"

அழுகை சட்டென்று நின்றது. அத்தை பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

"செத்துட்டன்னு போர்டு வெச்சிட்டு டீ குடிக்கிறியாடா, பாவி!"

மண்டபமே சிரித்தது. இளவரசி மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

"தப்பு என்னுதுதான். இது பாட்டுக் கச்சேரி. போவணும்னு நெனைக்கிறவங்க தாராளமா போலாம்."

இறங்கி வந்து அரிகரனிடம், "இந்தக் கூட்டம் கணக்குல வராதுங்க. அழுவ வந்த கூட்டம். நான் தோத்துட்டேன்" என்றாள். மண்டபம் நிறைந்ததே என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

காசம்மாள் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"வேன் வெச்சிக்கினு வந்துட்டு சும்மா போவோமா? பாடுடா."

பாடினான். மீன்குழம்புப் பாட்டுக்குப் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டிராக்டர் பாட்டுக்கு, மாலையோடு வந்த ஆண்கள் ஆடினார்கள். பஸ் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். எழுந்து போன இரண்டு பேரும் வீட்டிலிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்பீக்கர் கிழிந்தாலும் பரவாயில்லை என்று சத்தத்தைக் கூட்டினேன்.

முடிந்ததும் காசம்மாள் இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி பொண்ணு, அடுத்த சனிக்கிழம யாருக்கு போர்டு வெக்கிற? இப்பவே சொல்லிடு, வேனுக்குச் சொல்லி வெக்கணும்."

இளவரசி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது கணக்குல வரும்" என்றான் அரிகரன்.

அவள் அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"நான் வரல சார். எனக்கு இங்க வேலை இருக்கு."