தாய்மாமன் மடி

என் தம்பி இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கிறான். யார் வயலில் என்ன நோய் என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவான். தன் சர்க்கரை நோயை மட்டும் பள்ளிக்கூடப் பரீட்சை போலத்தான் நினைத்தான். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு முந்தைய சில நாட்கள் கேப்பைக் கூழும் பாகற்காயும்தான். ரிசல்ட் நன்றாக வந்தால் நேரே மிட்டாய்க் கடை. "அக்கா, பாஸாயிட்டேன். வாயத் தொற" என்று எனக்கும் ஜிலேபி ஊட்டுவான். டாக்டரையே ஏமாற்றிவிட்டான் என்று வீடே சிரிக்கும். பாவிகள், என்ன சிரிப்பு அது!

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எனக்குப் பெண் பிறந்தபோது என்னைவிடத் துள்ளியவன் அவன்தான். "விராலிமலையில காது குத்துவோம். கார்ல மேல போறதெல்லாம் வேணாம். எம் மருமகள நாந்தான் படியேறித் தூக்கிட்டுப் போவேன்" என்று அன்றே சொல்லிவிட்டான்.

காதுகுத்துக்கு நாள் குறித்த பிறகு ஒருநாள் காலை கடையில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. நெஞ்சு வலிக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? வெயில் என்று நினைத்து, சோடா குடித்துவிட்டு மாலைவரை வியாபாரம் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் திருச்சிக்குக் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்புதான் நீங்கிவிட்டதே என்று, அவன் எப்போது மலையேறலாம் என டாக்டரிடம் கேட்டேன்.

"பெரிய குழாயத் தொறந்தாச்சும்மா. அதுலேர்ந்து பிரியிற சின்னக் குழாய்ங்க ரொம்ப நாள் சர்க்கரையில கெட்டுப்போயிருக்கு. ரத்தம் அங்கிட்டுச் சரியாப் போய்ச் சேரல. வந்ததும் லேட்டு. இதயம் பழையபடி ஆகுறது கஷ்டம்" என்றார். மடையைத் திறந்தும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராததை எத்தனையோ முறை பார்த்தவள் நான்.

காதுகுத்தைச் சில மாதம் தள்ளிவைத்தோம். காதுகுத்தன்று காரில்தான் மேலே போனோம். வழியெல்லாம் படிக்கட்டு இருக்கும் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சபையில் குழந்தையை அவன் மடியில் வைத்தேன். ஊசி பட்டதும் அவள் வீறிட்டுத் திமிறினாள். இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.